மின்னூற் கருவியும் இருவகைத் தடையும்

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத ஒரு குழந்தை ஆங்கிலப் புத்தகத்தின் முன் திணறும்போது, அத்திணறல் மொழி தெரியாமையால் வந்ததா, எழுத்துக் கூட்டி வாசிக்கும் சக்தியிலேயே உள்ள குறையால் வந்ததா என்பதைப் பார்த்த மாத்திரத்தில் யாரும் சொல்லிவிட முடியாது. இரண்டையும் ஒன்றெனக் கொண்டதால் விளைந்த அநியாயத்துக்கு அமெரிக்க நீதிமன்றச் சரித்திரமே சாட்சி. கலிபோர்னியா மாகாணத்தில் 1970-ஆம் ஆண்டு தீர்வு கண்ட டயானா வழக்கில், ஸ்பானிய மொழி வழங்கும் இல்லங்களிலிருந்து வந்த ஒன்பது குழந்தைகள், ஆங்கிலத்தில் நடத்திய புத்திப் பரீட்சையில் தேறாத ஒரே காரணத்தால் மந்தபுத்தியுடையோர் வகுப்பில் அமர்த்தப்பட்டிருந்தனர். அவரவர் மொழியில் மறுபடி பரீட்சித்தபோது பெரும்பாலோர் அவ்வகுப்புக்கு உரியவரே அல்லர் என்று தெரிந்தது. ஆங்கிலப் பயிற்சிக் குறைவை மூலகாரணமாக வைத்து ஒரு குழந்தையை ஊனமுடையதென்று தீர்மானிக்கலாகாது என இன்றைய அமெரிக்கச் சட்டம் வெளிப்படையாகவே விதிக்கிறது. விதி நல்லதுதான். ஆயினும் இரு குறைகளும் உண்மையாகவே சேர்ந்திருக்கும் குழந்தை, ‘இங்கிலீஷ் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்’ என்ற சமாதானத்தின் நிழலில் பல வருஷங்கள் கவனிப்பாரற்றுக் கிடப்பதும் அவ்விதியின் மறுபக்கமே. அக்குழந்தைக்கு மின்னூற் கருவி எவ்வளவு தூரம் உபகாரமாகும் என்பதே இங்கே விசாரணைக்குரிய விஷயம்.

வாசிப்பு என்பது, எழுத்தை ஒலியாக்கும் திறனையும், கேட்ட மொழியை அர்த்தம் பண்ணிக்கொள்ளும் திறனையும் ஒன்றோடொன்று பெருக்கி வரும் பலன் என்று காஃப், டன்மர் என்னும் இரு அறிஞர் 1986-இல் கூறினர். கூட்டினால் ஒன்று குறைந்தாலும் மற்றது கொஞ்சம் ஈடு செய்யும். பெருக்கினாலோ ஒன்று பூஜ்யமானால் பலனும் பூஜ்யமே. நான்கு ஆண்டுகளுக்குப் பின் ஹூவரும் காஃபும் ஸ்பானியமும் ஆங்கிலமும் அறிந்த 254 குழந்தைகளைக் கொண்டு இக்கருத்தைச் சோதித்தார்கள் என்பதால், நம் பொருளுக்கு இது அந்நியமான சூத்திரமன்று.

இந்தப் பெருக்கலின் முதல் எண்ணை ஆங்கில எழுத்துமுறை மிகவும் பாடுபடுத்துகிறது. ‘தோ’, ‘த்ரூ’, ‘டஃப்’ என்னும் மூன்று ஆங்கிலச் சொற்களுக்கும் கடைசி நான்கெழுத்து ஒன்றே, ஒலியோ மூன்று. நம் ககரமும் இடத்துக்கிடம் வேறாக ஒலிக்கிறதே என்று வாசகர் கேட்கக்கூடும். ஆனால் அது நிற்கும் இடமே பெரும்பாலும் அதன் ஒலியைச் சொல்லிவிடுகிறது, ஆங்கிலத்தில் அந்தச் சலுகை இல்லை. பதின்மூன்று ஐரோப்பிய மொழிகளை ஒப்பிட்டு 2003-இல் ஸீமோரும் துணைவரும் வெளியிட்ட ஆராய்ச்சியில், முதல் வகுப்பின் முடிவில் பல நாட்டுக் குழந்தைகள் பழகிய சொற்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பிழையின்றி வாசித்திருக்க, ஆங்கிலத்தில் பயின்ற ஸ்காட்லாந்துக் குழந்தைகள் 34 அளவிலேயே நின்றனர். வைடலும் பட்டர்வொர்த்தும் 1999-இல் விவரித்த ஓர் இளைஞனின் கதை இன்னும் விசித்திரமானது: ஜப்பானில் பிறந்து, வீட்டில் ஆங்கிலமே பேசி வளர்ந்த அவனுக்கு ஜப்பானிய வாசிப்பில் யாதொரு சிரமமும் இல்லை, ஆங்கில வாசிப்பிலோ டிஸ்லெக்ஸியா என்னும் வாசிப்புக் குறை முழு உருவில் நின்றது. பேச்சில் தேர்ச்சி வேறு, எழுத்தில் தேர்ச்சி வேறு என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்சமான உதாரணம் கிடைப்பது அரிது.

இனிக் கருவிக்கு வருவோம். மாஸச்சூஸெட்ஸில் டிஸ்லெக்ஸியா உள்ள மாணவருக்கென நடக்கும் ஒரு பள்ளியில் 103 மாணவரை வைத்து ஷ்னெப்ஸ் குழுவினர் 2013-இல் வெளியிட்ட ஆய்வு, சிறு திரையில் வாசிப்பது காகிதத்தில் வாசிப்பதைவிடச் சிலருக்கு மேலானது என்று கண்டது. அந்தத் திரையில் வரிக்கு இரண்டு மூன்று சொற்களே நின்றன; எழுத்துக் கூட்டுவதில் மிகவும் தடுமாறியோர் வேகம் பெற்றனர், ஒரே பார்வையில் சில எழுத்துகளுக்கு மேல் பற்ற இயலாதோர் பொருளை நன்கு உணர்ந்தனர். அவர்கள் கையிலிருந்தது மின்-மையால் எழுதும் கிண்டில் என்னும் மின்னூற் கருவி அன்று, ஐபாட் டச் என்னும் பாட்டுப் பெட்டி! ஆகவே உபகாரம் செய்தது மின்சாரமா, வரியின் குறுக்கமா என்று கேட்பது நியாயமே. குறுக்கம்தான் என்பது என் அபிப்பிராயம். 74 இத்தாலிய, பிரெஞ்சுக் குழந்தைகளைக் கொண்டு ஸோர்ஸி குழுவினர் 2012-இல் காட்டியதும் எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டுவதன் பிரயோஜனத்தையே. டிஸ்லெக்ஸியாவுக்கென்றே வடிவமைத்த எழுத்துருக்களைப் பற்றி எழும் ஆரவாரத்துக்கு இந்த அளவு ஆதாரம் இல்லை.

குரல் வசதியின் கதி வேறு. 2009-இல் இரண்டாவது கிண்டில் புத்தகத்தை உரக்க வாசிக்கத் தொடங்கியதும், ஒலிநூல் உரிமை பறிபோகிறதென்று அமெரிக்க எழுத்தாளர் சங்கம் ஆட்சேபிக்க, அவ்வசதியை அடைத்துவைக்கும் அதிகாரம் பதிப்பாளருக்கு அளிக்கப்பட்டது. பேச்சாங்கிலம் நன்கு அறிந்து எழுத்தில் மட்டும் இடறும் குழந்தைக்குக் குரல் ஊன்றுகோல். சென்ற மாதம் வந்து சேர்ந்த குழந்தைக்கோ அது அறியாத மொழியின் வேகமான இரைச்சலே. மேலும், ஒரே எழுத்துக்கூட்டு நிகழ்காலத்தில் ‘ரீட்’ என்றும் இறந்தகாலத்தில் ‘ரெட்’ என்றும் ஒலிக்கும் இடத்தில் இயந்திரமே இடறக்கூடும். அகராதியோ மொழி அறியாத குழந்தைக்கென அமைந்தது, ஆனால் அதிலும் இடர் உண்டு. ‘ரிலக்டன்ட்’ என்ற சொல்லின்மேல் விரல் வைத்த குழந்தைக்கு, அதனினும் கடினமான இரண்டு மூன்று சொற்களால் ஆன விளக்கம் ஒரு கட்டத்துள் விரிகிறது. அதில் ஒன்றைத் தொட்டால் இன்னொரு கட்டம். மூன்றாவது கட்டத்தில் கதையின் நூல் கையைவிட்டுப் போய்விடும். கடினச் சொல்லின் தலைமேலேயே எளிய குறிப்பைச் சிறிதாக அச்சிடும் வசதியைக் கிண்டில் 2014-இல் சேர்த்தது. அது மொழி மட்டும் அறியாத குழந்தைக்குப் பேருதவி. நெருங்கிய எழுத்துகளிடையே கண் தடுமாறும் குழந்தைக்கோ வரிக்கு மேல் வரியாக நெரிசல்.

ஆக, ஒருவனுக்கு மருந்தாவது மற்றவனுக்குப் பாரமாகிறது. எல்லா வசதிகளையும் ஒருங்கே திறந்து கொடுப்பவர் எந்தக் குறையையும் நோக்காமல் கொடுத்தவராகிறார். தகுதி விதியும் இங்கே உதவுவதில்லை. அச்சு நூலை வாசிக்க இயலாதோருக்கு மின்னூல் வழங்கும் புக்ஷேர் என்னும் நூலகம் 2007 முதல் தகுதியுள்ள அமெரிக்க மாணவருக்கு இலவசம். ஆங்கிலம் தெரியாமை மட்டும் அங்கே தகுதியாகாது. எனவே இரு தடையும் உள்ள குழந்தை, தன் குறை நிரூபணமாகும் வரை அந்த வாசலுக்கு வெளியே நிற்கிறது.

நிரூபணத்துக்கான முதல் அடியை அதே கருவியைக் கொண்டே வைக்கலாம். குழந்தை ஒரு பக்கத்தைக் குரலின்றி வாசிக்கட்டும். அதே தரத்துப் பக்கம் ஒன்றைக் குரலோடு கேட்கட்டும். இரண்டிலும் கதையைத் தன் வீட்டு மொழியில் திருப்பிச் சொல்லட்டும். குரலோடு பொருள் தெளிந்தால் தடை எழுத்திலே இருப்பதற்கு அது ஓர் அறிகுறி. இரண்டிலும் தெளியாவிட்டால் முதற் சந்தேகம் மொழியின்மேல் விழும், எனினும் எழுத்துக் குறை இல்லையென்று அதனால் ஆகிவிடாது. ஓரிரு பக்கங்களின் பலன் தீர்ப்பாகாது. தாய்மொழிப் பரீட்சைக்கு ஈடும் ஆகாது. இருந்தபோதிலும், கருவியை வாங்கிக் கொடுக்கும் ஆசிரியர்கள் முதல் வாரத்தில் இந்த இரு பக்கங்களுக்கு அரைமணி நேரம் ஒதுக்கி, பலனைத் தேதியிட்டுக் குறித்துவைத்த பிறகே மற்ற வசதிகளைத் திறந்துவிட வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.