கோட்டிலிருந்து பிக்சலுக்கு: இணையத்தில் வெக்டர் படங்கள் மாறிய வரலாறு

வெக்டர் படம் என்பது வரைவதற்கான கட்டளைகளின் தொகுப்பு: இந்தப் புள்ளியிலிருந்து அந்தப் புள்ளிக்கு ஒரு வளைவு, உள்ளே இந்த நிறம், விளிம்பு இவ்வளவு தடிமன். வரைந்து முடித்தபின் கிடைக்கும் பிக்சல் கட்டமே ராஸ்டர் படம். முன்னதை எவ்வளவு பெரிதாக்கினாலும் கூர்மை குறையாது; பின்னது குறையும். ஆனால் இன்றைய திரைகளும் அச்சுப்பொறிகளும் படத்தைப் புள்ளிகளாலேயே காட்டுபவை. எனவே எந்த வெக்டர் படமும் கண்ணுக்குத் தெரியும் முன் எங்கோ ஓரிடத்தில் பிக்சலாக மாறியே தீர வேண்டும். அந்த வேலை எங்கே நடக்கிறது, யார் தலையில் விழுகிறது என்பதுதான் இதன் வரலாறு.

மாற்றும் கலை இணையத்தைவிட மூத்தது. ஐபிஎம் நிறுவனத்தின் ஜாக் பிரெசன்ஹாம் 1962இல் வரைகருவி ஒன்றுக்காக ஒரு முறையை உருவாக்கி, 1965இல் வெளியிட்டார். சாய்ந்த கோடு ஒவ்வொரு படியிலும் நேராகப் போக வேண்டுமா, பக்கத்துக் கட்டத்துக்குத் தாவ வேண்டுமா என்பதை வெறும் முழு எண் கூட்டல் கழித்தலிலேயே தீர்மானித்த முறை அது. இதே வேலை வணிகப் பொருளாக அலுவலக மேசைக்கு வந்தது 1985இல், ஆப்பிளின் லேசர்ரைட்டர் வழியாக. அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்ட் கட்டளைகளைக் கணினி அனுப்பும். அச்சுப்பொறி அவற்றைப் புள்ளிகளாக்கும். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 84 லட்சம் புள்ளிகள். புள்ளிக்கு ஒரு பிட் வைத்தாலும் ஒரு மெகாபைட் நினைவகம் வேண்டும். அதனால்தான் அந்த அச்சுப்பொறிக்குள் 1.5 மெகாபைட் நினைவகமும், அதை இயக்கிய மக்கின்டாஷைவிட வேகமான செயலியும் வைக்க வேண்டியிருந்தது.

1993இல் மொசைக் உலாவி பக்கத்துக்குள்ளேயே படம் காட்டத் தொடங்கியபோது, வலைக்குத் தெரிந்தவை ராஸ்டர் வடிவங்கள் மட்டுமே. ஓவியர் இல்லஸ்ட்ரேட்டரிலோ கோரல்டிராவிலோ வரைவார். அதை ஜிஃப் கோப்பாக மாற்றிக்கொள்வார். மாற்றம் அவர் மேசையிலேயே முடிந்துவிடும். நிறுவனச் சின்னத்துக்கு இது போதும். நாளுக்கு நாள் மாறும் பங்குச்சந்தை வரைபடத்துக்குப் போதாது. அந்தக் குறையை நிரப்பியது தாமஸ் பூட்டெல் 1994இல் எழுதிய ஜிடி நூலகம். சர்வரில் ஓடும் நிரல் கோடு, வட்டம், எழுத்து என்று நேரடியாகப் பிக்சலில் தீட்டி ஜிஃப் கோப்பைத் திருப்பியனுப்பும். ஜிஃப் வடிவத்துக்குள் இருந்த எல்இசட்டபிள்யூ சுருக்கமுறைக்கு யூனிசிஸ் நிறுவனம் காப்புரிமை கோரியதால், 1996இல் உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் பரிந்துரையான பிஎன்ஜி வடிவத்துக்கு அந்த நூலகம் பின்னர் மாறியது.

வெக்டரையே வலைக்கு அனுப்ப ஒரு பொதுத்தர மொழி வேண்டும் என்ற முயற்சி 1998இல் இரண்டு முனைகளில் கிளம்பியது. அடோபி, ஐபிஎம், நெட்ஸ்கேப், சன் ஆகியவை பிஜிஎம்எல் என்ற மொழியை முன்வைத்தன. மைக்ரோசாஃப்ட் தலைமையில் இன்னோர் அணி விஎம்எல் மொழியை முன்வைத்தது. கூட்டமைப்பு இரண்டில் எதையும் அப்படியே ஏற்காமல் எஸ்விஜி என்ற புது மொழியை வகுத்து, 2001 செப்டம்பரில் பரிந்துரையாக்கியது. மொழி வந்தது; படிக்க உலாவி வரவில்லை. மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் தன் விஎம்எல்லையே பிடித்துக்கொண்டிருந்தது. எஸ்விஜியை நேரடியாகக் காட்ட அது 2011இல் ஒன்பதாம் பதிப்பு வரை காத்திருந்தது. இந்தப் பத்தாண்டுத் தாமதம்தான் சர்வரில் மாற்றும் தொழிலை வளர்த்தது.

அப்பாச்சி அமைப்பின் பாட்டிக் என்ற நிரல்தொகுப்பு இதில் முக்கியமானது. ஜாவாவில் எழுதப்பட்ட இதில் எஸ்விஜி கோப்பைக் கொடுத்தால் பிஎன்ஜி, ஜேபெக், பிடிஎஃப் எதுவாகவும் கிடைக்கும். 2009இல் வெளிவந்த ஹைசார்ட்ஸ் வரைபட நூலகம் இதை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது. உலாவியில் பயனர் ‘படமாகப் பதிவிறக்கு’ என்று சொடுக்கியதும், வரைபடத்தின் எஸ்விஜி உரை முழுவதும் சர்வருக்குப் போகும். அங்கே பாட்டிக் பிக்சலாக்கும். கோப்பு திரும்பி வரும். திரையில் ஏற்கெனவே ஒருமுறை பிக்சலாகிவிட்ட படம், இன்னொருமுறை பிக்சலாவதற்காக வேறொரு கணினி வரை போய் வந்தது.

விக்கிப்பீடியாவும் சர்வர் வழியையே தேர்ந்தது. பதிவேற்றப்படும் எஸ்விஜி கோப்பு அப்படியே இருக்கும். கட்டுரையில் தெரிவது லிப்ஆர்எஸ்விஜி நூலகம் உருவாக்கும் பிஎன்ஜி நகல். தமிழ் வாசகரைத் தொடும் சிக்கல் ஒன்று இங்கே உண்டு. எஸ்விஜிக்குள் எழுத்து பெரும்பாலும் உரையாகவே இருக்கும். வடிவம் கொடுப்பது மாற்றும் கணினியிலுள்ள எழுத்துரு. தமிழ் எழுத்துரு இல்லாத சர்வரில் சொற்கள் வெற்றுக் கட்டங்களாகிவிடும். எழுத்துரு இருந்து, எழுத்துகளைக் கோக்கும் விதி தெரியாத நிரலாக இருந்தால் கதை இன்னும் மோசம்: ‘கொ’ என்பதில் கொம்பு முன்னும் கால் பின்னுமாகப் பிரிந்து நிற்க வேண்டும், அது தெரியாத நிரல் மூன்றையும் தாறுமாறாக வைத்துவிடும். லிப்ஆர்எஸ்விஜி எழுத்துகளைக் கோக்கும் வேலையைப் பாங்கோ நூலகத்திடம் ஒப்படைப்பதால் பிழைத்தது. மற்ற இடங்களில் தமிழ்ப் படம் செய்வோர் எழுத்துகளையே வளைகோடுகளாக மாற்றிவைத்து அனுப்பும் பழக்கத்துக்கு இந்தச் சிக்கலும் ஒரு காரணம். படம் சரியாகத் தெரியும். ஆனால் அந்த எழுத்தைத் தேடவோ திருத்தவோ முடியாது.

நிலப்படங்களில் கணக்கு வேறு அளவிலானது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தன் சாலைகளையும் ஆறுகளையும் வெக்டர் தரவாக வைத்துக்கொண்டு, மேப்னிக் என்ற நிரலால் 256 பிக்சல் சதுர ஓடுகளாக மாற்றியது. உலகம் முழுவதும் ஓர் ஓட்டில் அடங்கும் நிலையில் தொடங்கி, ஒவ்வொரு முறை பெரிதாக்கும்போதும் ஓடுகள் நான்கு மடங்காகும். பதினெட்டாம் படியில் எண்ணிக்கை 6,800 கோடியைத் தாண்டும். அத்தனையையும் முன்கூட்டியே வரைய எந்த சர்வராலும் ஆகாது. பெரும்பகுதி யாரும் பார்க்காத கடல். ஆகவே யாராவது கேட்கும்போது மட்டும் வரைந்து சேமித்துவைக்கும் முறை வந்தது.

இதற்கிடையே ஆப்பிள் 2004இல் கேன்வாஸ் என்ற பிக்சல் பரப்பை உலாவிக்குள் கொண்டுவந்தது. எஸ்விஜியைப் படமாக ஏற்றி, கேன்வாஸில் தீட்டி, அங்கிருந்து பிஎன்ஜியாக எடுக்கலாம், சர்வரே வேண்டாம். சொல்ல எளிது. நடைமுறையில் உலாவிகள் நெடுநாள் தடுத்தன. எஸ்விஜிக்குள் ஹெச்டிஎம்எல் பகுதியையும் செருக முடியும்; ஒருவர் முன்பு பார்த்த இணைப்புகளின் நிறம் போன்ற அந்தரங்கத் தகவலை அதன் பிக்சலிலிருந்து திருட முடியும் என்ற அச்சம் நியாயமானது. எனவே எஸ்விஜி தீட்டப்பட்ட கேன்வாஸைக் கறைபட்டதாகக் குறித்து, படிக்க விடாமல் பூட்டின. அந்தக் காலத்தில் கேன்விஜி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் எஸ்விஜியைத் தானே படித்து, ஒவ்வொரு வடிவத்தையும் கேன்வாஸ் கட்டளையாக்கித் தடையைச் சுற்றிச் சென்றது. பூட்டு தளர்ந்த பிறகும் சில கண்ணிகள் மிஞ்சின: படமாக ஏற்றப்படும் எஸ்விஜி வெளியிலிருந்து எழுத்துருவையோ பாணிக் கோப்பையோ இழுக்காது, எல்லாவற்றையும் உள்ளேயே வைக்க வேண்டும். 2010இல் ஐபோன் 4 அடர்திரையுடன் வந்தபின், பக்கத்தில் காட்டும் அளவிலேயே கேன்வாஸை அமைத்தவர்களின் படங்கள் மங்கின. திரையின் பிக்சல் விகிதத்தால் பெருக்க வேண்டியதாயிற்று.

சர்வர் பக்கத்திலும் ஆபத்து வெளிப்பட்டது. 2016 மே மாதத்தில், படங்களை மாற்றும் இமேஜ்மேஜிக் நிரலில் கண்டறியப்பட்ட ஓட்டை, படக்கோப்புக்குள் ஒளித்த கட்டளையை சர்வரில் இயக்க வழிவிட்டது; ஜேபெக் என்று பெயரிட்டு அனுப்பினாலும் நிரல் உள்ளடக்கத்தைப் பார்த்து வெக்டர் கோப்பாகவே படித்தது. யாரோ அனுப்பும் வெக்டர் கோப்பு, படம் என்ற பெயரில் வரும் நிரல் என்பதைப் பலர் அப்போதுதான் உணர்ந்தார்கள். லிப்ஆர்எஸ்விஜி அதே ஆண்டு முதல் சி மொழியிலிருந்து, நினைவகப் பிழைகளைக் கட்டுப்படுத்தும் ரஸ்ட் மொழிக்கு மெல்ல மாற்றி எழுதப்பட்டது.

2017இல் குரோம் உலாவியைத் திரையில்லாமல் சர்வரிலேயே ஓட்டும் வசதி வந்தது. பயனரின் உலாவி காட்டும் அதே படம், எழுத்துகள் கோக்கப்படும் விதம் உட்பட, பிஎன்ஜியாகக் கிடைத்தது. விலையாக நினைவகம் நிறையத் தேவைப்பட்டது. எல்லா உலாவிகளும் எஸ்விஜியைப் படிக்கும் காலத்திலும் மின்னஞ்சல் மென்பொருள்கள் பலவும், சமூக ஊடகங்களில் இணைப்பைப் பகிரும்போது தோன்றும் முன்னோட்டப் பெட்டிகளும் ராஸ்டர் படத்தையே எதிர்பார்க்கின்றன. அவற்றுக்காக சர்வர்கள் இன்றும் வெக்டரைப் பிக்சலாக்கிக்கொண்டிருக்கின்றன.