பாலம் யாருக்காக எழுந்தது?

தண்ணீர் குறுக்கிடும் இடத்தில் தேவை வந்ததும் பாலம் வரும் என்று பொதுவாக நம்புகிறோம். சென்னைக்கு வடக்கே ஏரிக்கரையில் இருக்கும் பழவேற்காட்டின் நானூறு ஆண்டுக் கதை இந்த நம்பிக்கைக்கு இடம் கொடுக்கவில்லை. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணல்திட்டில் மீனவர் குப்பங்கள் உண்டு. சந்தைக்கும் மருத்துவருக்கும் அவர்கள் ஊருக்கு வந்தே தீர வேண்டும். ஆனாலும் அண்மைக் காலம்வரை அவர்கள் படகேறித்தான் கரை சேர்ந்தார்கள். ஆகவே தேவையை மட்டும் வைத்துப் பாலத்தின் வரலாற்றை விளக்க முடியாது. செலவு செய்யக்கூடியவரின் கண் எந்தத் திசையில் இருந்தது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

டச்சுக்காரர் 1613-ல் இங்கே கெல்ட்ரியா கோட்டையை எழுப்பினார்கள். 1690-ல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை, சோழமண்டலக் கரையில் அவர்களுடைய வணிகத்துக்குப் பழவேற்காடே தலைநகர். இங்கிருந்து போன துணியைக் கொண்டு கிழக்குத் தீவுகளில் மிளகும் கிராம்பும் வாங்கினார்கள். அடிமைகளாக விற்கப்பட்ட மனிதர்களும் இதே கரையிலிருந்து கப்பலேறினார்கள். பெரிய கப்பல்கள் ஆழமில்லாத ஏரிக்குள் நுழைய முடியாமல் வெளியே நங்கூரமிட்டு நின்றன. இந்தக் கரையின் மசூலா படகுகளே சரக்கை அலை தாண்டிக் கொண்டுபோயின. ஆணி அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய படகுகள் அவை. அலை மோதினால் உடையாமல் வளைந்து கொடுக்கும். கடலை நோக்கி வாழ்ந்த அந்த வணிகத்துக்குத் தண்ணீரே சாலை. அடுத்து வந்த ஆங்கிலேயரும் தண்ணீரையே நீட்டினார்கள். 1806-ல் பேசில் காக்ரேன் சென்னையிலிருந்து எண்ணூருக்கு வெட்டிய உப்புநீர்க் கால்வாய் பின்னர் பழவேற்காடு ஏரியைத் தொட்டது; 1837-ல் அரசின் கைக்குப் போனது; பஞ்ச நிவாரண வேலையாக மேலும் வெட்டப்பட்டு 1878-ல் பக்கிங்காம் கால்வாய் என்று பெயர் பெற்றது. விறகும் உப்பும் ஏற்றிய படகுகளை ஆட்கள் கரையோரம் நடந்து கயிற்றால் இழுத்தார்கள். அந்தக் கால்வாயின் கணக்கு வடக்கு தெற்காக ஓடியது. கிழக்குக் குப்பத்திலிருந்து மேற்குக் கரைக்கு வருபவரை அது கணக்கில் எடுக்கவில்லை.

அக்காலத்தில் பாலம் கட்டும் திறமை இருந்ததா என்று கேட்கலாம். இருந்தது. 1726-ல் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே, மாம்பலத்தின் பெயர் திரிந்து மர்மலாங் என வழங்கிய பாலத்தைக் கட்டினார். அன்று அந்தப் பக்கம் முழுவதும் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வசம் இல்லை. பக்கத்துச் சாந்தோமே 1749-ல்தான் ஆங்கிலேயர் வசமானது. அந்த ஆற்றில் 30,000 வராகன் போட்டது கம்பெனி அல்ல, தனி மனிதர். அவருடைய நோக்கம் பரங்கிமலையிலுள்ள கிறித்தவத் திருத்தலம். மலையேறுவதற்குப் படிகளும் அமைத்தார். பிற்பாடு எல்லோரும்தானே அதில் நடந்தார்கள் என்றால், உண்மைதான். தெற்கே போகும் பெருவழியே அதன்மேல் சென்றது. ஆனால் பாலத்தின் பயன் ஊருக்குப் பொதுவானாலும், அது நிற்க வேண்டிய இடத்தைப் பணம் போட்டவரின் பக்தியே முடிவு செய்தது.

ஆறும் ஏரியும் ஒன்றல்ல என்பது இன்னொரு மறுப்பு. ஏரியின் அடி சேறு. முகத்துவாரமோ மணலடைத்து இடம் மாறிக்கொண்டே இருக்கும். இது வலுவான வாதம்தான். இருந்தும் ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் தளம் அமைந்தபோது, சூலூர்ப்பேட்டையிலிருந்து ஏரியின் குறுக்கே சாலை போடப்பட்டது. 1971-ல் அங்கிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. தேசத்தின் கண் அந்தத் தீவின்மேல் பட்டதும் சேறு தடையாக நிற்கவில்லை. கடைசியாக, மீனவருக்குப் பாலம் எதற்கு, படகே போதாதா என்பார்கள். தொழிலுக்குப் போதும். எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் 'பாடு' வழக்கமே, அவர்கள் ஏரியை வயலைப் போல ஆண்டார்கள் என்பதற்குச் சான்று. ஆனால் வயலில் உழைப்பவருக்கும் ஊருக்குப் போக வழி வேண்டும். நள்ளிரவில் பிள்ளைவலி கண்ட பெண்ணைப் 'பாடு' முறை கரை சேர்க்காது.

உஸ்கானின் பாலம் இருந்த இடத்தில் இன்று மறைமலையடிகள் பாலம் நிற்கிறது. கட்டியவர் பெயர் கல்வெட்டில் தங்கியிருக்கிறது. பழவேற்காட்டுத் திட்டில் தங்கியிருப்பது வேறொரு சான்று. 1859-ல் அங்கே கலங்கரை விளக்கம் எழுந்தது. கடலில் போகும் கப்பலுக்கு வழிகாட்டக் கல்லும் கொத்தனாரும் தண்ணீர் தாண்டி வந்து சேர முடிந்தது. அந்த விளக்கின் காலடியில் குடியிருந்தவர்கள் அதற்குப் பிறகும் பல தலைமுறை, இருட்டில் துடுப்புப் போட்டே கரைக்கு வந்தார்கள்.