பொங்கலுக்கு பெயின்ட் அடிக்கப் போறீங்களா? முதல்ல சுவரை செக் பண்ணுங்க!

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் ஊறிய சுவர், ஜனவரியில் வரும் பொங்கலுக்குள் முழுசாகக் காய்ந்திருக்கும் என்று சொல்ல முடியாது. தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரிதான் இருக்கும். ஆனால் உள்ளே ஓதம் நிற்கும். அதன் மேல் எமல்ஷன் அடித்தால் கொப்புளம் விட்டு உரிந்து வரும். பெயின்ட் காசும் போச்சு, கூலியும் போச்சு.

இதைக் கண்டுபிடிக்க ஒரு பாலித்தீன் கவர் போதும். ஓர் அடிச் சதுரமாக வெட்டி, நாலு ஓரமும் காற்று புகாதபடி சுவரில் டேப் போட்டு ஒட்டுங்கள். 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். கவரின் உள்பக்கம் நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. வெளிப்பக்கம் மட்டும் என்றால் அது அறைக் காற்றின் ஈரப்பதம். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

சுவரிலேயே ஈரம் என்றால் மொட்டை மாடி விரிசலா, பாத்ரூம் குழாய்க் கசிவா என்று பார்த்து அதை முதலில் அடைக்க வேண்டும். உப்பு பூத்த இடத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள், கரைந்து திரும்ப உள்ளேதான் போகும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள்.

"வால்பேப்பர் ஒட்டி மறைச்சிடலாமே?" இருப்பதிலேயே மோசமான ஐடியா இதுதான். ஈரம் வெளியேற வழியின்றி பின்னால் பூஞ்சை பிடிக்கும். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால் மூச்சுத் திணறல் அதிகமாகலாம். பிவிசி பேனலுக்கும் இதே கதைதான்.

பொங்கலுக்குள் காயவில்லையா? அந்த ஒரு சுவரை விட்டுவிட்டு மற்றதை அடியுங்கள். வெறும் பூச்சுச் சுவர் என்றால் சுண்ணாம்பு அடிக்கலாம், அது ஈரத்தை வெளியே விடும். ஆனால் பிறகு எமல்ஷன் அடிக்கும்போது அதைச் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும்.