சுறாவும் கடல்கட்டியும்

கொடிய விலங்குகள் உலவும் காட்டிற்குச் செல்வோன் துப்பாக்கி ஏந்திச் செல்கிறான். அமெரிக்காவில் சாமுவேல் கோல்ட் 1836இல் காப்புரிமை பெற்ற சுழல் துப்பாக்கி, இடையில் செருகத்தக்க சிறு காவலாயிற்று. தூத்துக்குடிக் கடலடியில் முத்துச்சிப்பி தேடிய நம் மக்களுக்கு எது காவல்? மாணவ நண்பர்களே, அதனையே இன்று நான் கூற விழைகிறேன்.

மூழ்குவோனை ஆழத்திற்குக் கொண்டு செல்ல ஒரு கல். மேலேற்ற ஒரு கயிறு. சிப்பியை இட ஒரு வலைப்பை. வேறு கருவி இல்லை. சுறா எதிர்ப்பட்டால் என் செய்வது? ஆகவே, சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுபவர் என்று நம்பப்பட்ட 'கடல்கட்டி'யை நாடினர். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்நாட்டிற்கு வந்த மார்க்கோ போலோ, இத்தகையோர்க்குக் கிடைத்ததில் இருபதில் ஒரு பங்கு தரப்பட்டதென்றும், இரவில் அவர்கள் மந்திரக்கட்டை அவிழ்த்துவிடுவர் என்றும் கூறியுள்ளார். இரவுத் திருடருக்கு அதுவே அச்சம்!

19ஆம் நூற்றாண்டின் ஆங்கில ஆட்சியினர் துப்பாக்கியும் படையும் உடையவர், மந்திரத்தை நம்பாதவர். எனினும் கடல்கட்டிக்கு ஊதியம் அளித்தனர். ஏன்? அவர் இன்றேல் ஒருவரும் நீரில் இறங்கார். இறங்காவிடில் அரசுக்கு வருவாய் இல்லை.

சுறாவை விலக்கியது மந்திரமன்று. திரண்ட படகுகளின் ஆரவாரமே என்பது என் கருத்து. ஆயினும் மனித உள்ளத்தின் அச்சத்தை விலக்கியவர் கடல்கட்டியே. 1961க்குப் பின் தூத்துக்குடியில் பழைய முறையிலான பெரும் முத்துக்குளிப்பு நிகழவில்லை. பழைய முத்து ஒன்றைக் காணும்போது, வெறுங்கையுடன் மூழ்கியவனையும் நினைவுகூர்வோமாக.