வெடிமருந்தும் நெஞ்சுவலியும்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

விஞ்ஞான வரலாற்றைத் தனிமனித மேதைகளின் வரலாறாக மட்டுமே எழுதும் மரபு இன்னும் வலுவுடன் நிலவுகின்றது. அம்மரபு எவற்றை மறைக்கின்றது என்பதற்கு, நெஞ்சுவலியின்போது நாவின்கீழ் வைக்கப்படும் நைத்திரோகிளிசரின் மாத்திரையின் வரலாறு தக்க சான்றாகும்.

1847இல் தூரின் நகரில் அஸ்கானியோ சொப்ரெரோ இத்திரவத்தை ஆக்கினார். சிறிதளவு சுவைத்தாலே கடுந்தலைவலி உண்டாவதையும் அவரே கண்டார். 1867இல் அல்பிரட் நோபெல் அதனைத் தைனமைற்று ஆக்கிக் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டில் லோடர் பிரன்ரன், அமைல் நைத்திரைற்றை முகர்வதால் நெஞ்சுவலி தணிவதை அறிவித்தார். 1879இல் வில்லியம் மரெல் நைத்திரோகிளிசரினைத் தம்மீதே பரிசோதித்தபின் நோயாளருக்கு வழங்கிப் பயன் கண்டார். இவர்களது ஆற்றலை நாம் மறுக்கவில்லை. எனினும் வரலாறு இத்துடன் முடிவதில்லை.

வெடிமருந்துத் தொழிலாளர் இப்பொருளைத் தோலினூடாகவும் மூச்சினூடாகவும் நாள்தோறும் உள்வாங்கினர். வாரத் தொடக்கத்தில் தலைவலி அவர்களை வருத்தியது. உடல் பழகியதும் மறைந்தது. ஓய்வுநாள் கழிந்து திங்களன்று மீண்டது. அதனைத் தவிர்க்க, விடுமுறையிலும் அப்பொருளைத் தொப்பியின் உட்பட்டியில் தடவிக்கொண்டோர் உண்டு. வேறு சிலர் ஓய்வுநாட்களிலேயே நெஞ்சுவலிக்கும் திடீர் மரணத்துக்கும் ஆளாயினர்.

நைத்திரேற்றுகள் உடலில் நைத்திரிக் ஒட்சைட்டாகச் செயற்பட்டுக் குருதிக்குழாய்களின் தசையைத் தளர்த்துகின்றன. நாளங்கள் விரிய, இதயத்துக்கு மீளும் குருதி குறைகின்றது. இதயத்தின் வேலையும் அதன் ஒட்சிசன் தேவையும் குறைகின்றன. முடியுருநாடிகளும் விரிகின்றன. வலி தணிகின்றதேயன்றி நாடியின் அடைப்பு நீங்குவதில்லை. மருந்து இடையறாது உடலில் இருப்பின் அதன் பயன் மங்கும். ஆதலால் நீண்டநேரம் செயற்படும் நைத்திரேற்றுகளை வழங்கும் மருத்துவர், நாளொன்றில் ஏறத்தாழ 10 முதல் 12 மணிநேரம் மருந்தற்ற இடைவெளி விடுகின்றனர். இப்பழக்கப்பாட்டைத் தம் உழைப்பின் விலையாக உடலில் அறிந்தோர் அத்தொழிலாளரே.

1896இல், தம் இறுதியாண்டில், நோபெலுக்கும் இதே மருந்து விதிக்கப்பட்டது. 1998இல் நைத்திரிக் ஒட்சைட்டின் பணியை விளக்கிய பேர்ச்கொட், இக்னாரோ, முராட் ஆகியோர் நோபெல் பரிசு பெற்றனர். அப்பரிசின் மூலதனம் வெடிமருந்தால் ஈட்டப்பட்ட செல்வம். அச்செல்வத்தை ஆக்கியது பெயரறியாத் தொழிலாளரின் உழைப்பு. அவ்வுழைப்பையும் அவ்வுடல்கள் பட்ட வேதனையையும் விலக்கி எழுதப்படும் மருத்துவ வரலாறு முழுமையான வரலாறாகாது என்பதே எமது துணிபு.