வானத்துத் திருவிழாவும் நம்ம ஊர் மண்டகப்படியும்



திண்டுக்கல்லுக்கும் ஆகாய விமானத்துக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி! விமானம் ஏற வேண்டுமென்றால் நாம் மதுரைக்கு ஓட வேண்டும். மற்றபடி மலைக்கோட்டைக்கு மேலே, சிறுமலைக்கு மேலே போகிற விமானத்தை அண்ணாந்து பார்ப்பதோடு நம் உறவு முடிந்தது. ஆனால், அண்ணாந்து பார்ப்பவனுக்கு வானத்தில் ஏதாவது பங்கு உண்டா? இந்தக் கட்டுரையின் கேள்வியே அதுதான்.

பெரிய பெரிய விமான விழாக்களைப் பற்றி உலகம் முழுக்க ஒரு முணுமுணுப்பு இருக்கிறது. "அந்தக் காலத்துல ஆர்வத்துக்காகக் கூடினாங்க, இப்ப எல்லாம் வியாபாரமாப் போச்சு" என்கிறார்கள். அது உண்மைதானா? வரலாற்றைக் கொஞ்சம் புரட்டுவோம்.

ஆரம்பமே காசுதான்

உலகின் முதல் பெரிய விமான விழா 1909 ஆகஸ்டில் பிரான்சு நாட்டின் ரீம்ஸ் நகரத்துக்கு வெளியே நடந்தது. ஒரு வாரத்தில் சுமார் 5 லட்சம் பேர் கூடினார்கள். செலவுக்குப் பணம் கொடுத்தவர்கள் யார் தெரியுமா? அந்த ஊர் ஷாம்பெயின் மது வியாபாரிகள்! முக்கியமான பந்தயத்துக்குக் கோப்பை வைத்தவர் ஒரு பத்திரிகை முதலாளி. ஆக, வியாபாரம் இடையில் வந்து புகுந்துகொண்ட விருந்தாளி அல்ல. பந்தக்கால் நட்ட அன்றே வந்துவிட்டது.

நம் சென்னைக் கதையும் அப்படித்தான். மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ் என்பவர் 1910-ல் தாமே திட்டமிட்டு, சிம்சன் கம்பெனியின் உதவியோடு ஒரு விமானத்தைச் செய்தார். அதைத் தீவுத்திடலில் மக்கள் முன்னால் பறக்கவிட்டுக் காட்டினார். அவர் பண்டம் செய்து விற்ற வியாபாரி, அதே சமயம் விமானப் பித்துப் பிடித்த மனிதர். இரண்டும் ஒரே ஆள்தான்.

மறு வருஷம், 18-2-1911 அன்று, அலகாபாத் பொருட்காட்சியில் ஆன்ரி பெக்கே என்ற 23 வயது பிரெஞ்சு இளைஞர் சுமார் 6,500 கடிதங்களைச் சுமந்துகொண்டு யமுனையைத் தாண்டி நைனியில் இறங்கினார். பயணம் 13 நிமிடம். உலகின் முதல் அதிகாரபூர்வமான விமானத் தபால் அதுவே. ஒரு கடிதத்துக்குத் தனிக் கட்டணமாக ஆறணா வசூலித்தார்கள். அந்தப் பணம் போனது ஒரு மாணவர் விடுதிக்கு! விடுதிச் சாப்பாடு சாப்பிட்டு வளர்ந்த நமக்கெல்லாம் இந்தச் செய்தி இனிக்காமல் இருக்குமா?

வீட்டிலே செய்த விமானம்

சரி, சாமானியர்களே கூடி நடத்திய விழா எங்காவது உண்டா? உண்டு. அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில் 1953-ல் பால் போபெரெஸ்னி என்பவர், சொந்தக் கையால் விமானம் செய்கிற ஆட்களைச் சேர்த்து ஒரு சங்கம் ஆரம்பித்தார. சங்க வேலைகள் அவர் வீட்டின் கீழ்த்தளத்திலிருந்தே நடந்தன. அந்த வருஷம் நடந்த முதல் கூட்டத்துக்கு வந்த விமானங்கள் கைவிரலில் எண்ணக்கூடியவை. 1955-ல் அவர், 800 டாலருக்குள் ஒரு விமானம் செய்வது எப்படி என்று ஒரு பத்திரிகையில் எழுதப் போக, கூட்டம் பெருகியது. 1970 முதல் அந்த விழா ஆஷ்காஷ் என்ற சிற்றூரில் நடக்கிறது. 2024-ல் வந்தவர்கள் 6,86,000 பேர். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள்.

கூட்டம் பெருகினால் கம்பெனிகள் வராமல் இருக்குமா? வந்தன. ஓடுதளத்தை ஒட்டிய நல்ல இடத்தில் கம்பெனி விருந்தினர்களுக்குத் தனிக் குடில்கள் முளைத்தன. பழைய உறுப்பினர்கள் கொதித்தார்கள். "வேலையெல்லாம் நாங்க செஞ்சோம், முன் வரிசை அவங்களுக்கா?" என்பதுதான் அவர்கள் கோபத்தின் சாரம். 2012 விழாவுக்குப் பிறகு சங்கம் இறங்கி வந்தது. ஓடுதளத்தோரக் குடில்களை எடுத்துவிட முடிவு செய்தது.

கம்பெனிகளை யாரும் விரட்டவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அண்மை ஆண்டுகளில் 18 வயது வரை உள்ளவர்களுக்கு அங்கே நுழைவு இலவசம்; அதற்குக் கைகொடுப்பது போயிங் நிறுவனம். அதே சங்கத்தின் உறுப்பினர்கள் 1992 முதல் தங்கள் சொந்த விமானங்களில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட சிறுவர் சிறுமியரை இலவசமாக ஏற்றிப் பறந்து காட்டியிருக்கிறார்கள்.

சந்தை வேறு, திருவிழா வேறு

நம் நாட்டுக்கு வருவோம். பெங்களூர் எலகங்காவில் 1996 முதல் 'ஏரோ இந்தியா' நடக்கிறது. 2025 பிப்ரவரியில் அமெரிக்காவின் எஃப்-35, ரஷ்யாவின் சு-57 இரண்டும் வந்து நின்றன. முதல் மூன்று நாள் வியாபாரிகளுக்கு, கடைசி இரண்டு நாள் பொதுமக்களுக்கு. பொதுச் சீட்டு 2,500 ரூபாய். வான் சாகசம் மட்டும் பார்க்க 1,000 ரூபாய். இதில் நான் குறை காணமாட்டேன். அது சந்தை. ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்குப் போய், "இங்கே ஏன் பேரம் பேசுகிறார்கள்?" என்று கேட்க முடியுமா?

ஆனால் திருவிழா என்று கூப்பிட்டுவிட்டால் கணக்கு மாறுகிறது. 2024 அக்டோபர் 6 அன்று சென்னை மெரினாவில் விமானப்படையின் சாகசக் காட்சி நடந்தது. சீட்டு கிடையாது. லட்சோப லட்சம் சனம் திரண்டது. வெயிலும் நெரிசலும் வாட்டின. தண்ணீர் கிடைக்கவில்லை என்ற புகார் பரவலாக எழுந்தது. ஏற்பாடுகள் போதுமானவையாகவே இருந்தன என்றது அரசு. எது எப்படியோ, பார்க்கப் போனவர்களில் ஐந்து பேர் வீடு திரும்பவில்லை.

இங்கேதான் நம் முணுமுணுப்புக்காரர்கள் யோசிக்க வேண்டும். அன்றைய காட்சி காசு வாங்காத காட்சி. அதனால் மட்டும் அது சாமானியனின் விழாவாகிவிட்டதா?

மண்டகப்படி சொல்லும் நியாயம்

நம்ம ஊர் மாசித் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு நாளும் ஒவ்வொருவர் மண்டகப்படி. வியாபாரிகள் பணம் போடுகிறார்கள், பேரும் வாங்கிக்கொள்கிறார்கள். இதுவும் ஒரு விளம்பரம்தானே! ஆனால் மண்டகப்படிக்காரருக்கு ஒரு கடமை இருக்கிறது. வருகிற சனத்துக்குப் பானகமும் நீர்மோரும் கொடுத்தாக வேண்டும். தவறினால் ஊர் பேசும். தேர் என்று வந்துவிட்டாலோ வடம் பிடிப்பவன் ஊர்க்காரன்தான். பணம் போட்டவர் தனியாக இழுத்துவிட முடியாது.

ஆக, காசு வந்ததால் விழா கெட்டுவிடவில்லை. நீர்மோர்ப் பந்தலும் வடக்கயிறும் காணாமல் போகும்போதுதான் கெடுகிறது. ஆஷ்காஷில் வடம் இன்னும் உறுப்பினர் கையில் இருக்கிறது. முன் வரிசை போனபோது அவர்களால் சண்டை போட முடிந்ததே, அதுதான் அடையாளம். நம் நாட்டில் பிடிக்க வடமே இல்லை. மும்பையில் அமோல் யாதவ் என்ற விமானி தம் அடுக்குமாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியில் ஒரு விமானத்தைக் கட்டினார். 2016-ல் அதை ஒரு பெரிய அரசுப் பொருட்காட்சியில் வைத்தார். அதைப் பதிவு செய்து வாங்க 2017 வரை அலைய வேண்டியிருந்தது. ஆர்வம் இருக்கிறது, ஆனால் அதற்கு ஒரு சங்கமோ களமோ இல்லை.

நாம் படித்த கல்லூரி மைதானம் பெரியது. பழைய மாணவர்களில் என்ஜினியர்கள் உண்டு, பட்டறை வைத்திருப்பவர்கள் உண்டு, பூட்டுத் தொழிலில் கை தேர்ந்த குடும்பத்தினர் உண்டு. அடுத்த சந்திப்பு நாளில் காலை இரண்டு மணி நேரம் ஒதுக்குவோமே! சுற்று வட்டாரப் பள்ளிப் பிள்ளைகளை வரவழைத்து, தெர்மோகோலிலும் மூங்கிலிலும் அவர்கள் கையாலேயே சிறு விமானம் செய்யச் சொல்லிப் பறக்கவிடுவோம். இந்த மலருக்கு விளம்பரம் தந்திருக்கும் நம் ஊர்க் கடைக்காரர்கள் அன்றைக்கும் தாராளமாகப் பலகை வைக்கட்டும். ஆனால் நீர்மோர் அவர்கள் பொறுப்பு!