கிளவுஸ் யாருக்காக?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தப் பதிவில் உள்குத்து எதுவும் இல்லை. எல்லாமே நேரடிக் குத்துதான்.

ஜலந்தருக்கு மாற்றலாகி வந்து மூன்று வருடம் ஆகிறது. எங்கள் கிளையில் கடன் வாங்கியிருப்பவர்களில் நிறையப் பேர் விளையாட்டுச் சாமான் செய்பவர்கள். 1947 பிரிவினையின்போது சியால்கோட்டிலிருந்து வந்த தொழில் குடும்பங்கள் இங்கேயும் மீரட்டிலும் மறுபடி கடை விரித்தார்கள். அந்த வம்சம்தான் இன்றைக்கும். ஸ்டாக் இன்ஸ்பெக்ஷனுக்குப் போனால் கிரிக்கெட் பேட் இத்தனை, கால்பந்து இத்தனை, பாக்சிங் கிளவுஸ் இத்தனை ஜோடி என்று எண்ணிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவேன். எண்ணத் தெரியுமே ஒழிய, எண்ணியது என்னவென்று தெரியாது. அது போன வருடம்தான் புரிந்தது.

பெண்ணுக்குப் பதினைந்து வயது. லவ்லினா டோக்கியோவில் பதக்கம் வாங்கிய 2021லிருந்தே பாக்சிங் பாக்சிங் என்று அரித்துக்கொண்டிருந்தாள். தங்கமணிக்கு இஷ்டமில்லை. நான்தான் பெரிய முற்போக்குவாதி மாதிரி கிளப்பில் சேர்த்துவிட்டேன். கிளவுஸ் வாங்கப் போனபோது கடையில் ஒவ்வொன்றாகக் கையில் தூக்கிப் பார்த்தேன். சின்னப் பெண், லேசாக இருந்தால் கை வலிக்காது என்று பத்து அவுன்ஸில் சிவப்பு நிறத்தில் ஒரு ஜோடி. விலையும் குறைவு. அப்பாவுக்குப் பரம திருப்தி.

இரண்டு மாதம் அதை வைத்து மூட்டையைக் குத்திப் பழகினாள். பிறகு ஸ்பாரிங் ஆரம்பித்தார்கள். அதாவது எதிரில் நிஜ ஆளை நிறுத்திப் பழகும் சண்டை. கோச் ஊரில் இல்லாத ஒரு சாயங்காலம், இவளும் இவள் சிநேகிதியும் அதே கிளவுஸோடு மோதியிருக்கிறார்கள். அன்று ராத்திரி அந்தப் பெண் இரண்டு முறை வாந்தி எடுத்து, தலைவலி என்று அழுது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூளையில் அதிர்ச்சி, பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் முழு ஓய்வு வேண்டும் என்றார் டாக்டர்.

மறுநாள் கோச் என் மகளின் கிளவுஸை வாங்கி, முட்டி வரும் இடத்தில் கட்டைவிரலால் அழுத்தினார். விரல் உள்ளே கை வைக்கும் இடம் வரை போய் இடித்தது. "இது மூட்டைக்கு. ஆளுக்கு இல்லை. யார் வாங்கியது, சார்ஜி?" என்றார். நான் பேசாமல் நின்றேன்.

அன்றிலிருந்து படிக்க ஆரம்பித்ததுதான் கீழே வருவது.

கிரேக்கர்கள் ஒலிம்பிக்கில் குத்துச்சண்டையைச் சேர்த்தது கி.மு. 688ல் என்பார்கள். கையில் மாட்டுத்தோல் வாரைச் சுற்றிக்கொண்டு மோதினார்கள். காலப்போக்கில் அந்த வார் தடித்து, விளிம்பு கடினமாகி, ரோமர் காலத்தில் உலோகம் பதித்த ஆயுதமாகவே ஆகிவிட்டது. நம் நாட்டிலும் இதற்கு ஒரு சகோதரன் உண்டு. மைசூர் தசராவில் ஜெட்டி மல்லர்கள் மோதும் வஜ்ரமுஷ்டியில் விரல் முட்டியில் முள் வைத்த ஆயுதம்தான் இருக்கும். முதல் ரத்தம் பார்த்ததும் நிறுத்திவிடுவார்கள்.

ஆக, கையில் எதையாவது மாட்டுவது என்றாலே எதிராளியைக் காப்பதற்கு என்று அர்த்தமில்லை. ஆனால் அந்த ரோமர்களே இன்னொரு சாமானும் வைத்திருந்தார்கள். வட இங்கிலாந்தில் விண்டோலாண்டா என்று ஒரு பழைய ரோமானியக் கோட்டை. 2017ல் அங்கே தோண்டியபோது இரண்டு தோல் உறைகள் கிடைத்தன. ஏறக்குறைய கி.பி. 120ஐச் சேர்ந்தவை. உலோகம் இல்லை. ஒன்றில் உள்ளே மெத்தென்று அடைத்திருக்கிறது, கிழிந்த இடத்தில் ஒட்டுப்போட்டிருக்கிறது. இன்னொன்றில் போட்டவனின் முட்டி பதிந்த தடம் அப்படியே இருக்கிறது. பயிற்சிக்கானவை என்கிறார்கள் ஆய்வாளர்கள். காரணம் யோசித்தால் எளிது. நாளைக்கு நம்மோடு வேலிக்காவல் நிற்க வேண்டியவனின் தாடையை இன்றைக்கு உடைத்துவைக்க முடியாதே! பயிற்சிக்கு ஒன்று, போட்டிக்கு ஒன்று என்ற பிரிவு 1900 வருடம் பழையது. எனக்குத்தான் தெரியவில்லை.

இதே கதை லண்டனில் மறுபடி நடக்கிறது. ஜாக் பிராட்டன் என்ற குத்துச்சண்டைக்காரர் 1743ல் முதல் எழுத்து விதிகளை வகுத்தார். 1747ல் கனவான்களுக்குக் குத்துச்சண்டை கற்றுத்தருவதாக விளம்பரம் கொடுத்தார். கண் வீங்குமே, தாடை உடையுமே, மூக்கில் ரத்தம் வருமே என்று பயப்பட வேண்டாம், மெத்தை வைத்த உறை உண்டு என்றார். 'மஃப்ளர்' என்று அதற்குப் பெயர். இன்றைய கிளவுஸின் பாட்டனார் இதுதான். ஆனால் இது வகுப்பில் மட்டும். காசுக்கு நடக்கும் சண்டையெல்லாம் வெறுங்கைதான்.

1867ல் குயின்ஸ்பெரி விதிகள் வந்தன. எழுதியவர் ஜான் கிரகாம் சேம்பர்ஸ், பெயர் மட்டும் பிரபுவுடையது. (நம் ஆபீஸ் நோட் மாதிரிதான். எழுதுபவர் ஒருவர், கையெழுத்து இன்னொருவர்.) மூன்று நிமிட ரவுண்டு, ஒரு நிமிட ஓய்வு, விழுந்தால் பத்து விநாடி, நல்ல தரமான புதுக் கிளவுஸ். கடைசியாக 1889ல் ஜான் சல்லிவனும் ஜேக் கில்ரெய்னும் மிசிசிப்பியில் வெறுங்கையால் 75 ரவுண்டு மோதினார்கள். 1892ல் அதே சல்லிவன் நியூ ஆர்லியன்ஸில் கிளவுஸ் போட்டு ஜேம்ஸ் கார்பெட்டிடம் 21வது ரவுண்டில் தோற்றார். வெறுங்கைக் காலம் அதோடு முடிந்தது.

நாகரிகம் வந்துவிட்டது என்று நினைத்தார்கள். இங்கேதான் நான் நின்று யோசித்தேன். மனிதன் கையில் 27 எலும்பு. எல்லாம் சின்னச் சின்னது. மண்டையோடு அப்படியில்லை. வெறுங்கையால் மண்டையில் ஓங்கிக் குத்தினால் குத்தியவன் கையே உடையக்கூடும். அதனால் வெறுங்கைக்காரர்கள் யோசித்துத்தான் தலையைத் தொட்டார்கள். கிளவுஸ் வந்ததும் அந்தப் பயம் போயிற்று. தலையிலேயே திரும்பத் திரும்பக் குத்தலாம். மெத்தை தோலைக் கிழியாமல் காக்கும், அடியின் வேகத்தைக் கொஞ்சம் பரப்பிவிடும். ஆனால் தலை திரும்பும்போது உள்ளே மூளை குலுங்குவதை அது நிறுத்தாது. 1928ல் ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற அமெரிக்க மருத்துவர், குத்து வாங்கி வாங்கிக் குடிகாரர் போலத் தள்ளாடும் வீரர்களைப் பற்றிக் கட்டுரை எழுதினார். வெளியே ரத்தம் குறைந்தது, உள்ளே சேதம் தங்கியது. எங்கள் பாஷையில் சொன்னால் பேலன்ஸ் ஷீட் சுத்தமாக இருக்கிறது, வாராக்கடன் உள்ளே ஒளிந்திருக்கிறது.

அந்த மெத்தை எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரே ஒரு சம்பவம் போதும். 1983 ஜூன் 16, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். 21 வயது பில்லி காலின்ஸ், அதுவரை தோற்றதே இல்லை. எதிரில் லூயிஸ் ரெஸ்டோ. பத்து ரவுண்டு முடியும்போது காலின்ஸின் கண் இரண்டும் வீங்கி மூடிவிட்டன. ரெஸ்டோவுக்கு வெற்றி. காலின்ஸின் அப்பாதான் மகனுக்குக் கோச். மரியாதைக்கு ரெஸ்டோவின் கையைப் பிடித்துக் குலுக்கியவர் திடுக்கிட்டார். கிளவுஸுக்குள் மெத்தையே இல்லாத மாதிரி இருந்தது. பரிசோதித்தால், எட்டு அவுன்ஸ் கிளவுஸில் ஒவ்வொன்றிலும் சுமார் ஒரு அவுன்ஸ் மெத்தையை உருவியிருந்தார்கள். ரெஸ்டோவும் அவருடைய பயிற்சியாளர் பனாமா லூயிஸும் 1986ல் தண்டிக்கப்பட்டார்கள். அதற்குள் காலின்ஸ் இல்லை. கண் கெட்டு, மறுபடி மேடை ஏற முடியாமல், 1984ல் கார் விபத்தில் இறந்துபோனார்.

ஒரு அவுன்ஸ் என்பது 28 கிராம். நகைக்கடன் கவுண்டரில் மூன்றரை சவரன். ஒரு பையனின் வாழ்க்கை அவ்வளவுதான் எடை. அந்த அப்பா கையைப் பிடித்த நொடியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது. கோச் விரலை அழுத்தியபோது என் கிளவுஸிலும் அதே காலிதான் இருந்தது. யாரும் உருவவில்லை, மலிவு ஃபோம் மூட்டையில் குத்திக் குத்தியே செத்துவிட்டது.

சரி, வாங்கப் போகிறவர்களுக்கு நான் தெரிந்துகொண்டது.

அவுன்ஸ் என்பது கையின் அளவு அல்ல, கிளவுஸின் எடை. எடை கூடினால் பெரும்பாலும் மெத்தையும் கூடும். வயதுவந்தவர்களுக்கு ஸ்பாரிங்குக்கு 16 அவுன்ஸ் என்பது பல கிளப்புகளில் வழக்கம். என் பெண்ணின் எடைக்கு 14 போதும் என்றார் கோச். பிள்ளைகளுக்கு அவரவர் கோச்சைக் கேட்டுவிட்டு வாங்குங்கள், என்னை மாதிரி கடையில் கைத்தராசு பிடிக்க வேண்டாம்.

மூட்டைக்கு ஒரு ஜோடி, ஆளுக்கு ஒரு ஜோடி. இரண்டையும் கலக்கவே கூடாது. மூட்டையில் குத்தினால் ஃபோம் நசுங்கிவிடும்.

கட்டைவிரல் தனியாக ஆடக்கூடாது, கிளவுஸோடு சேர்த்துத் தைத்திருக்க வேண்டும். எதிராளியின் கண் அதில்தான் இருக்கிறது. வெல்க்ரோ பட்டையின் முனை துருத்திக்கொண்டிருந்தாலும் முகத்தைக் கீறும். உள்ளே நாலரை மீட்டர் துணிக்கட்டு சுற்றிக்கொள்வது நம் கைக்கு.

விரல் வெளியே தெரியும் சின்னக் கிளவுஸ் கேட்டுப் பிள்ளைகள் அடம்பிடிப்பார்கள். 1993ல் அமெரிக்காவில் ஆரம்பித்த யுஎஃப்சி போட்டியில் அவை கட்டாயமானது 1997ல்தான். எதிராளியைப் பிடித்துப் புரட்ட விரல் வேண்டும் என்பதற்காகச் செய்தது, சுமார் நாலு அவுன்ஸ். கை உடையாமல் காக்கும், அவ்வளவே. அதை மாட்டிக்கொண்டு சிநேகிதன் முகத்தில் பழகக்கூடாது.

தலைக்கவசம் போட்டால் போதாதா என்று தங்கமணி கேட்டாள். வெட்டுக்காயத்தைத் தடுக்கும், மூளை குலுங்குவதைத் தடுக்காது.

அந்தச் சிநேகிதி வீட்டுக்கு நானும் மகளும் போனோம். அவள் அப்பா லாரி ஓட்டுபவர். மன்னிப்புக் கேட்டேன். லஸ்ஸி கொடுத்துவிட்டு, "பொண்ணுங்க சண்டை, விடுங்க" என்றார். அவர் அப்படிப் பெருந்தன்மையாகச் சொன்னதுதான் கஷ்டமாக இருந்தது. ஆறு வாரம் கழித்து அவள் கிளப்புக்குத் திரும்பினாள். இப்போது ரிங்கில் ஏறும் முன்பு இருவரும் கிளவுஸை மாற்றிக்கொண்டு, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துத் திருப்பிக் கொடுக்கிறார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

நானும் இப்போது ஸ்டாக் இன்ஸ்பெக்ஷனில் எண்ணும்போது நடுவில் ஒரு ஜோடியை எடுத்து அழுத்திப் பார்க்கிறேன். பாங்க் ஃபாரத்தில் அதற்குக் கட்டம் இல்லை.